ஏலக்காய்க் கடைக்குள் பித்தாகரஸ்

குமுளியில் ஏலக்காயும் மிளகும் வாங்கி, தரம் பிரித்து, பொட்டலம் கட்டி இணையத்தில் விற்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “தீக்கு ஒன்று, திருட்டுக்கு ஒன்று, பார்சலுக்கு ஒன்று, வாடிக்கையாளர் வழக்குப் போட்டால் அதற்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று என்று ஏஜென்ட் பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறார். எல்லாவற்றையும் எடுத்தால் லாபம் பிரீமியத்துக்கே போய்விடும் சார். எதை எடுப்பது, எதை விடுவது என்று சொல்லக் கணக்கு ஏதாவது உண்டா?”

உண்டு. பள்ளியில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த பித்தாகரஸ் தேற்றம்தான். நாம் அதை முக்கோணத்தோடு விட்டுவிட்டு வந்துவிட்டோம்; காப்பீட்டு நிறுவனங்கள் விடவில்லை.

சராசரியை வேகமாக முடித்துவிடலாம். மாதம் 100 பார்சல், ஒவ்வொன்றும் 1,000 ரூபாய், நூற்றில் ஒன்று தொலைகிறது அல்லது நசுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி நஷ்டம் மாதம் 1,000 ரூபாய். காப்பீட்டில் இது எளிய பாதி. உண்மையான மாதங்கள் சராசரிக்குக் கட்டுப்படுவதில்லை என்பதுதான் கடினமான பாதி. இதே கணக்கில், நூறு மாதங்களை எடுத்தால் சுமார் 37 மாதங்களில் ஒரு பார்சல்கூடத் தொலையாது. சுமார் 8 மாதங்களில் மூன்றோ அதற்கு மேலோ தொலையும். சராசரிக்கு மேலும் கீழுமான இந்த ஆட்டத்தைப் புள்ளியியலார் திட்டவிலக்கம் என்பார்கள். நாம் ஆட்டம் என்றே வைத்துக்கொள்வோம். காப்பீடு விற்பது இந்த ஆட்டத்தை அடக்கும் வித்தையைத்தான்.

எப்படி அடக்குகிறது என்பதுதான் எனக்கு அலுக்காத இடம். உங்கள் கடையின் நஷ்டம் மாதம் 3,000 ரூபாய் ஆடுகிறது, நாகர்கோவிலில் நேந்திரம் சிப்ஸ் விற்கும் ஒருவரின் நஷ்டம் 4,000 ரூபாய் ஆடுகிறது என்று வையுங்கள். இருவரும் நஷ்டங்களை ஒரே பையில் போட்டுக்கொண்டால் மொத்த ஆட்டம் எவ்வளவு? 7,000 என்றுதான் வாய் சொல்லும். விடை 5,000. மூன்றின் வர்க்கம் ஒன்பது, நான்கின் வர்க்கம் பதினாறு, கூட்டினால் இருபத்தைந்து, அதன் மூலம் ஐந்து. உங்களுக்குக் கெட்ட மாதமாக இருக்கும்போது அவருக்கும் கெட்ட மாதமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருவரின் ஆட்டமும் ஓரளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. காகிதத்தில் கிழக்கே மூன்று அங்குலக் கோடு, அதன் முனையிலிருந்து வடக்கே நான்கு அங்குலக் கோடு வரைந்து, தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஆபத்துகள் செங்கோணத்தில் நிற்கின்றன. இது அலங்காரப் பேச்சு அன்று. இரண்டு அளவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு, அந்தக் கோணத்தின் கொசைன் மதிப்பேதான். தொடர்பே இல்லையென்றால் 90 டிகிரி. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் 0 டிகிரி. அப்போது மூன்றும் நான்கும் ஏழுதான். ஒன்று ஏறும்போது மற்றது தவறாமல் இறங்கினால் 180 டிகிரி. மிஞ்சுவது ஒன்றே ஒன்று.

இப்போது நூறு கடைகள், எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ஒன்றுக்கொன்று செங்கோணம். மூன்றாவது கடைக்கான கோட்டினை மேசைக்கு மேலே நிமிர்த்தி நிறுத்தலாம். நான்காவதை எங்கே நிறுத்துவது? வரைய இடமில்லை, ஆனால் தேற்றம் இடம் கேட்பதில்லை, வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போகிறது. நூறு கடைகளின் மொத்த ஆட்டம் ஒரு கடையின் ஆட்டத்தைப்போல் பத்து மடங்கு மட்டுமே. ஆளுக்குப் பிரித்தால் பத்தில் ஒரு பங்கு. பத்தாயிரம் கடைகள் என்றால் நூறில் ஒரு பங்கு. கூட்டம் பெருகினால் சராசரி நிலைக்கும் என்று கணிதர் ஜேக்கப் பெர்னூலி நிறுவிய நூல், அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1713இல் அச்சேறியது. அந்த ஆட்டம் வர்க்கமூல வேகத்தில் அடங்குகிறது என்பதை 1733இல் துல்லியமாகச் சொன்னவர் டி மாய்வர் என்ற இன்னொரு கணிதர்.

இனி ஏஜென்டின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டியது: இந்த ஆபத்தில் என் பொருள்கள் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கின்றன?

பார்சல்கள் ஏற்கெனவே செங்கோணத்தில்தான் நிற்கின்றன. ஒன்று சேலத்தில் தொலைவதற்கும் இன்னொன்று கொல்லத்தில் நசுங்குவதற்கும் சம்பந்தம் கிடையாது. வருடத்துக்கு 1,200 பார்சல் என்றால் சராசரி நஷ்டம் 12, ஆட்டம் மூன்றரைக்கும் சற்றுக் குறைவு. மோசமான வருடத்தில் இருபது தொலையலாம். 20,000 ரூபாய், வலிக்கும், கடை மூடாது. இதற்குப் பிரீமியம் கட்டினால் இதே சராசரி நஷ்டத்தோடு நிறுவனத்தின் செலவையும் லாபத்தையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். மொத்த வியாபாரிக்கு ஒரே லாரியில் மூட்டை மூட்டையாக அனுப்பும் சரக்கு வேறு விஷயம், அதற்குச் சரக்குப் போக்குவரத்துக் காப்பீடு வேண்டும்.

கிடங்கு நேர்மாறு. அங்கே இருக்கும் மூட்டைகள் அத்தனைக்கும் ஒரே கூரை, ஒரே மின்கம்பி, கோணம் பூஜ்யம். உங்களுக்கு மூன்றும் நான்கும் ஏழு. ஆனால் நிறுவனத்தின் கண்ணில் உங்கள் கிடங்கும் நாகர்கோவில் கிடங்கும் செங்கோணம். உங்களால் முடியாத கூட்டல் அவர்களுக்கு முடிகிற இந்த இடத்தில்தான் காப்பீடு காசுக்குப் பெறும். வழக்கு ஆபத்தும் இதே இனம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் குறைக்கு விற்பவரையும் பொறுப்பாக்க வழி வைத்திருக்கிறது. உண்ணும் பொருள் விற்பவர் வழக்குக்கான காப்பீட்டை விடக்கூடாது.

“அஞ்சு வருடம் கட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை, அத்தனையும் வீண்” என்பவர்களையும், “இத்தனை நாள் நடக்காததால் இனிதான் நடக்கும், ஜாதகத்திலும் அப்படித்தான் இருக்கிறது” என்பவர்களையும் நான் ஒரே பெஞ்சில் உட்கார வைப்பேன். தீ பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, போன வருடக் கணக்கையும் பார்ப்பதில்லை. வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு ஆணி அடிக்கும்போது நிலைக்கு மேலே தோல் உரிந்து ஓடும் வயரையும் ஒரு பார்வை பாருங்கள் என்பேன்.

நிறுவனத்துக்கும் கோணம் மூடுகிற நாள்கள் உண்டு. 2018 ஆகஸ்டில் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணையின் ஷட்டர்களை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தார்கள்; கேரளம் முழுவதும் வெள்ளம். அன்று ஆயிரம் கிடங்குகளும் ஒரே திசையைக் காட்டின. இதற்காகத்தான் காப்பீட்டு நிறுவனங்களே காப்பீடு எடுக்கின்றன. இந்தியாவில் 1972இல் தொடங்கிய ஜி.ஐ.சி. என்ற அரசு நிறுவனம் ஆபத்தின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது, உலகச் சந்தை இன்னொரு பகுதியை. இடுக்கி வெள்ளமும் ஜப்பான் நிலநடுக்கமும் மறுபடி செங்கோணம். கணினித் தாக்குதலில் இந்த வழியும் அடைபடலாம்: 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நச்சுநிரல் பல நாட்டு நிறுவனங்களை ஒரே வீச்சில் முடக்கியது. கம்ப்யூட்டர் பாலிசியில் விலக்குகளின் பக்கம் நீளமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். விற்பனைத் தளம் வழியாகவே பணம் வாங்கும் சிறு கடைக்கு அதைக் கடைசி வரிசையில் வைக்கலாம்.

நம் எல்லைப் பகுதிக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. குமுளி நனைவது முக்கியமாகத் தென்மேற்குப் பருவமழையில். மலை இறங்கினால் சுமார் 25 கிலோமீட்டரில் கம்பம். அங்கே அது மழை மறைவு, ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிது. சரக்கைப் பாதி மேலே, பாதி கீழே வைத்தால் வெள்ள ஆபத்து கிட்டத்தட்ட செங்கோணமாகிவிடும். இரண்டு மாநிலம் என்பதால் ஜி.எஸ்.டி. பதிவு இரண்டு வேண்டும், கிடங்கு முகவரி இரண்டும் பாலிசியில் இருக்க வேண்டும். எழுதாத முகவரியில் எரிந்த சரக்குக்குப் பணம் எதிர்பார்க்க முடியாது. மழை எந்தச் சரிவில் எவ்வளவு பெய்தது என்று தெரிந்தால்தான் பிரீமியமும் நியாயமாக இருக்கும். மலையில் புதிய கட்டடம் கட்டத் திறக்கும் அரசுக் கஜானா, மழைமானி வைத்து அதன் பதிவைப் பொதுவில் போடுவதற்கும் கொஞ்சம் திறந்தால் என்ன?

வாசகிக்குப் பொருந்துவது பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி. 2021 ஏப்ரலிலிருந்து பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் பொதுவான வடிவம் இது. ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கு. தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் ஒரே பாலிசியில் வந்துவிடும். திருட்டு, இந்த விபத்துகளில் ஒன்றின் விளைவாக ஏழு நாள்களுக்குள் நடந்தால் மட்டுமே உள்ளே. பூட்டை உடைத்துத் திருடியதற்குத் தனியாக எடுக்க வேண்டும்.

தொகையைக் குறைத்து எழுதிப் பிரீமியம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஏஜென்டே சொல்லுவார். 10 லட்சம் சரக்கை 5 லட்சத்துக்கு எழுதி, 2 லட்சத்துக்குச் சேதமானால் வழக்கமான விகித விதிப்படி கையில் வருவது 1 லட்சம்தான். சூக்ஷ்ம பாலிசி 15 சதவீதம் வரையிலான குறைவை மன்னிக்கிறது, அதற்கு மேல் மன்னிப்பதில்லை. ஆகவே காய் வந்து குவியும் ஆவணி, புரட்டாசி இருப்பைக் கணக்கில் வைத்து எழுதுங்கள், காலியாகக் கிடக்கும் சித்திரையை வைத்து அல்ல. ஈரம் ஏறிப் பச்சை மங்கிய ஏலக்காய்க்கு இந்தப் பாலிசி எதுவும் பணம் தராது. பொருள் தன் இயல்பிலேயே கெடுவது விபத்துக் கணக்கில் சேராது. அதற்கு வேண்டியது காற்றுப் புகாத பை.