ஆறு மாதிரி மீன் தொட்டி வேண்டுமா? முதலில் தண்ணீர் ஓடட்டும்

மாதத்துக்கு இரண்டு பேராவது போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி ஆத்து செட்டப் வேணும் சார், வர்ற ஞாயிறு வீட்டுல விசேஷம், அதுக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று கேட்கிறார்கள். கல்லும் வேர்க்கட்டையும் மணலும் ஒரே நாளில் வைத்துவிடலாம். மீன் விட நாலைந்து வாரம் பொறுக்கணும் என்றால்தான் முகம் சுருங்கும். மீன் கழிவிலிருந்து வரும், மீனுக்கே விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டருக்குள் பெருக அவ்வளவு நாள் பிடிக்கும், அவசரப்படுத்த முடியாது.

சென்னையில் தொட்டி அமைத்துக் கொடுப்பது என் தொழில். எனக்குப் பிடித்தது மேற்குத் தொடர்ச்சி மலை ஓடை மாதிரியான தொட்டி. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 250 லிட்டர் தண்ணீர். அதுவே 250 கிலோ, கண்ணாடியும் கல்லும் மணலும் அதற்கு மேல். டீப்பாய் தாங்காது.

படத்தைப் பார்த்து வருகிறவர்கள் எல்லோரும் தவறவிடுவது ஓட்டத்தைத்தான், ஏனென்றால் அது படத்தில் தெரியாது. மலை ஓடையில் குனிந்து பார்த்தால் மீன் சும்மா நிற்பது போல இருக்கும், ஆனால் வாலை விடாமல் அசைத்து எதிர்நீச்சல் போட்டுத்தான் அது அதே இடத்தில் நிற்கிறது. அந்த உடம்பைத் தேங்கிய தண்ணீரில் விட்டால் ஒரு மூலையில் சோர்ந்து கிடக்கும். அதனால் மணிக்கு 2,500 லிட்டராவது தள்ளும் பம்பை ஒரு பக்கம் வைத்துத் தண்ணீரை நீளவாக்கில் ஓட விடுகிறேன். பெரிய கல்லுக்குப் பின்னால் ஓட்டம் மட்டுப்படும், காய்ந்த பாதாம் இலையெல்லாம் தானாக அங்கே போய் ஒதுங்கும். மீன் இளைப்பாறவும் அதுதான் இடம்.

கல்லை முதலில் அடிக்கண்ணாடி மேல் (கீழே மெல்லிய ஃபோம் போட்டு) உட்கார வைத்துவிட்டு அப்புறம் மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் நிறுத்தினால் மீன் அடியில் தோண்டிக் கல் சாயும். கல்லில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக்கல், தண்ணீரைக் கடினமாக்கிவிடும். கிளிஞ்சல் கலந்த கடல் மணலும் அதே வேலையைச் செய்யும்.

மீன் என்றதும் எல்லோரும் கேட்பது மிஸ் கேரளா. சிவப்புக் கோடு போட்ட டெனிசன் பார்ப். கடையில் இரண்டு அங்குலம் இருப்பது 15 சென்டிமீட்டர் வரை வளரும். ஆறு பேராவது கூட்டமாக இருக்கணும், மூடி இல்லாவிட்டால் துள்ளித் தரையில் கிடக்கும். கேரள, கர்நாடக ஆறுகளில் அலங்கார மீன் வியாபாரத்துக்காக அள்ளி அள்ளியே ஐயூசிஎன் (உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகிவிட்டது. பண்ணையில் பொரித்ததா என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை பாருங்கள்.

இது குளிர்ந்த ஓடை மீன், சென்னை மே மாதமோ தொட்டியை 32 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, மீனுக்கோ தேவை கூடுதல். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இரவு பதினொன்றுக்குக் கரண்ட் போய் காலையில்தான் வந்தது. ஒன்பது மீனில் நாலு செத்து மேலே மிதந்தன. பேட்டரி ஏர் பம்ப் வைக்காமல் வந்தது என் தப்பு. இப்போது அது இல்லாமல் எந்தத் தொட்டியையும் ஒப்படைப்பதில்லை. பகலில் தண்ணீர் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும்.

"பாசி தின்ன ஒரு சக்கர் போடுங்க" என்பார்கள். கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அந்த மீன். போட மாட்டேன். அது ஒன்றரை அடி வளர்ந்ததும் பாவம் பார்த்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள், அங்கே அது பெருகி மீனவர் வலையைக் கிழிக்கிறது. வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

அதற்குப் பதில் அயிரை விடுவேன். மதுரைப் பக்கத்துக்காரர் ஒருவர் "குழம்புக்கு வாங்குறதையா சார் தொட்டில விடுறீங்க?" என்று சிரித்தார். பொடி மணலில் சடாரென்று புதைந்து கண் மட்டும் வெளியே தெரிய அது படுத்துக்கிடப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் போன் செய்து இன்னும் பத்து கேட்டார்.