டைட் பண்ணி மறுநாள் தானா தலை துண்டாகுற அலன் போல்ட்

உடைஞ்ச போல்ட்டோட லேபுக்கு வர்றவங்க நிறைய பேர் சொல்ற கதை ஒண்ணுதான். "சார், டைட் பண்ணப்போ நல்லாத்தான் இருந்துச்சு, மறுநாள் வந்து பாத்தா தலை தனியா கீழ கிடக்கு, மெஷினே இன்னும் ஓட்டல". அதுக்குள்ள டூப்ளிகேட் மெட்டீரியல்னு சப்ளையர்கிட்ட சண்டையும் போட்டிருப்பாங்க. ஹார்ட்னஸ் எடுத்துப் பாத்தா சரியா இருக்கும், கெமிஸ்ட்ரியும் சரியா இருக்கும். அப்புறம்தான் நான் கேப்பேன், 12.9 போல்ட் (பலம் ரொம்ப அதிகமான கிரேடு) கருப்பாத்தானே வரும், இதுக்கு யாரு ஜிங்க் போட்டதுன்னு.

துருப்பிடிக்குது, கஸ்டமர் பளபளன்னு கேக்குறார்னு பக்கத்து பிளேட்டிங் கடைக்கு அனுப்பிடுறோம். அங்க முதல்ல ஆசிட்ல முக்கி கருப்பையும் துருவையும் எடுப்பாங்க, அப்புறம் கரண்ட் விட்டு ஜிங்க் ஏத்துவாங்க, ரெண்டு இடத்துலயும் ஹைட்ரஜன் உண்டாகும், அதுல பெரும்பகுதி குமிழியா மேல போயிடும், மிச்சம் கொஞ்சம் அணுவாவே ஸ்டீலுக்குள்ள நுழைஞ்சிடும்.

நுழைய இடம் இருக்கான்னா, இருக்கு. ஸ்டீல் படிகம்தான், இரும்பு அணுக்கள் வரிசையா அடுக்கியிருக்கும், நடுவுல சந்து இருக்கும். அந்த அடுக்கும் ஒழுங்கா இருக்காது, பாதியில நின்னுபோன வரிசை இருக்கும் (இதுதான் டிஸ்லொகேஷன்), ஒரு படிகத் துணுக்கு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்குற கிரெய்ன் பவுண்டரி இருக்கும். டிஃபெக்ட்னு பேர் வச்சதால இதெல்லாம் கெட்டதுன்னு நினைச்சிடாதீங்க, 12.9க்கு அந்த 1200 மெகாபாஸ்கல் பலம் வந்ததே குவென்ச் பண்றப்போ (சூடாக்கி சட்டுனு குளிர வைக்கிறப்போ) உள்ள நெருக்கமா உண்டாகுற டிஸ்லொகேஷனும் கார்பனும் சேர்ந்துதான். ஆனா ஹைட்ரஜனும் போய் ஒட்டிக்கிறது அதே இடங்கள்லதான். ரொம்ப சின்ன அணு அது, ரூம் டெம்பரேச்சர்லயே உள்ளுக்குள்ள நடமாடும்.

போல்ட்டை டைட் பண்ணா திரெட் அடியிலயும் தலைக்குக் கீழ இருக்குற வளைவுலயும் இழுவிசை அதிகம், அங்க அடுக்கு கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும், ஹைட்ரஜன் மெதுவா அங்க வந்து சேரும். சேர நேரம் எடுக்குறதாலதான் அப்பவே உடையாம பல மணி நேரம் கழிச்சு உடையுது. அது எப்படி ஸ்டீலை வலுவிழக்க வைக்குதுங்கறதுல ஆராய்ச்சிக்காரங்க இன்னும் ஒத்துப்போகல, இத்தனைக்கும் 1875லயே டபிள்யூ.எச். ஜான்சன்னு ஒருத்தர் ஆசிட்ல போட்ட இரும்புக் கம்பி சட்டுனு முறியறதை எழுதி வச்சாச்சு! உடைஞ்ச முகத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா கற்கண்டை உடைச்ச மாதிரி ஒவ்வொரு கிரெய்னும் தனித்தனியா பட்டையா தெரியும், இழுபட்டு மெலிஞ்ச அடையாளமே இருக்காது.

டென்சைல் டெஸ்ட் (போல்ட்டை இழுத்து உடைச்சுப் பாக்குறது) பாஸ் ஆயிடுச்சேன்னு ரிப்போர்ட்டைக் காட்டுவாங்க. அந்த டெஸ்ட் சில நிமிஷத்துல முடிஞ்சிடும், ஹைட்ரஜன் நகர்ந்து சேரவே நேரம் பத்தாது. டைட் பண்ணி குறைஞ்சது 48 மணி நேரம் அப்படியே வச்சுப் பாக்குற டெஸ்ட்தான் இதுக்கு உதவும்.

ஹைட்ரஜன் பிளேட்டிங்ல இருந்துதான் வரணும்னும் இல்ல. அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோ - ஓக்லண்ட் பே பிரிட்ஜ்ல 2013 மார்ச்ல 96 ஆங்கர் ராடை (பாலத்தைப் பிடிச்சு நிறுத்துற நீளமான போல்ட் மாதிரி கம்பி) இழுத்துக் கட்டினாங்க, சில நாள்லயே 32 ராடு உடைஞ்சுது. 2008ல செஞ்ச ராடு, கட்டுறதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா தண்ணி தேங்குன குழிக்குள்ள இருந்திருக்கு, துருப்பிடிக்கிறப்பவும் ஹைட்ரஜன் உள்ள போகும்.

சரி, என்ன பண்ணலாம்? பலம் குறைஞ்ச கிரேடான 8.8க்கு இந்த பயம் பெரும்பாலும் இல்ல, 10.9க்கு ஜாக்கிரதை வேணும், 12.9ஐ எலக்ட்ரோபிளேட்டிங்குக்கு அனுப்பவே அனுப்பாதீங்க, துருதான் பிரச்சனைன்னா ஆசிட் இல்லாம ஷாட் பிளாஸ்ட் பண்ணி (சின்ன இரும்புக் குண்டுகளை வேகமா அடிச்சு சுத்தம் பண்ணி) ஜிங்க் ஃபிளேக் கோட்டிங் (கரண்ட் இல்லாம பூசுற ஜிங்க் செதில் பூச்சு) போடுங்க. பிளேட்டிங்தான் வேணும்னு டிராயிங்லயே இருந்தா, பிளேட்டிங் முடிஞ்ச 4 மணி நேரத்துக்குள்ள 200 டிகிரி வாக்குல ஓவன்ல வச்சு பல மணி நேரம் பேக் பண்ணணும் (உள்ள இருக்குற ஹைட்ரஜன் வெளியேற சூட்டுலயே வச்சிருக்கணும்), மஞ்சள் பாசிவேஷன் (ஜிங்க் மேல குடுக்குற பாதுகாப்புப் படலம்) அதுக்கு அப்புறம்தான், முன்னாடியே பண்ணா சூட்டுல அது கெட்டுடும். ஓவன் எத்தனை டிகிரில எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு காட்டுற சார்ட்டைக் கேளுங்க. "பண்ணிட்டோம் சார்"னு வாயால சொன்னா ஒத்துக்காதீங்க.

ஏற்கனவே மாட்டியிருக்குற ஜிங்க் போட்ட 12.9ஐ கழட்டி பேக் பண்ணி திரும்பப் போடலாமான்னு கேக்குறாங்க. வேணாங்க, உள்ள விரிசல் ஆரம்பிச்சிருந்தா சூடு அதை ஒட்டவைக்காது, வெளிய ஜிங்க் மூடியிருக்கறதால கண்ணுக்கும் தெரியாது, புதுசா கருப்பு போல்ட்டே வாங்கி மாத்திடுங்க.