ஷெல்லாக்: தமிழில் அவலரக்கு

மரவேலை பழகுகிறவர்கள் ரம்பத்தையும் உளியையும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். பெட்டியை ஒட்டி, உப்புத்தாள் போட்டு முடித்தபின் பூச்சு வாங்கப் போகும்போதுதான் குழப்பம் வருகிறது. கடைக்காரர் வார்னிஷ், லாக்கர், ஷெல்லாக் என்று அடுக்குவார். முதல் முறை பூசுகிறவருக்கு நான் சொல்வது ஷெல்லாக். தப்பாகப் பூசினாலும் திருத்திக்கொள்ளலாம் என்பதால்தான்.

இது அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். பலாசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் இந்தப் பூச்சி, தன்னைச் சுற்றிச் சுரந்து மூடிக்கொள்ளும் கூடுதான் அரக்கு. ஜார்க்கண்டில் மிகுதியாக விளைகிறது. ராஞ்சியை ஒட்டிய நாம்கும்மில் இதற்கென்றே 1924இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள்.

ஷெல்லாக் என்ற சொல்லில் ‘லாக்’ நம் பக்கத்திலிருந்து போனது. சமஸ்கிருதத்தின் லாக்ஷா, இந்தியின் லாக். லட்சம் பூச்சிகள் சேர்ந்து செய்வதால் இந்தப் பெயர் என்று ஒரு கதை சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். ‘ஷெல்’ என்பதைச் சங்கு, ஓடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செதில் செதிலான அரக்கு என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்னதை, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அரக்கு நமக்குப் புதிதல்ல. ‘அரக்கத்தன்ன செந்நிலப் பெருவழி’ என்கிறது அகநானூற்றின் 14ஆம் பாடல். பாண்டவர்களுக்குக் கட்டியது அரக்கு மாளிகை. புடவைக் கடையில் இன்றும் அரக்கு நிறம் என்றால் தனியாக விளக்க வேண்டியதில்லை. அது மட்டுமல்ல, அரக்கின் வெவ்வேறு நிலைகளுக்குத் தமிழில் தனிப் பெயர்கள் உண்டு. குச்சியோடு ஒடித்து எடுப்பது கொம்பரக்கு. அதைச் சுரண்டி, நொறுக்கி, கழுவிச் சாயம் போக்கி, நீளமான துணிப் பையில் அடைத்துக் கரி நெருப்பின் முன்னால் முறுக்குவார்கள். உருகி வழிவதைத் திரட்டி, சூடு ஆறுவதற்குள் ஒரு தொழிலாளி கையாலும் காலாலும் பல்லாலும் பிடித்து இழுத்து மெல்லிய தகடாக்குவார். பழைய முறை இதுதான். ஆறியதும் தகடு நொறுங்கி அவல் போலாகும். ஆகவே அவலரக்கு. அகராதியிலேயே இருக்கிற சொல். புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியதில்லை. அரக்குப் பூச்சு என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதை மரத்தின் மேல் காய்ந்த படலத்துக்கு வைத்துக்கொண்டு, கடையில் வாங்கும் செதிலுக்கு அவலரக்கு என்று சொல்வதே சரி. கடையில் மட்டும் ஷெல்லாக் என்றே கேளுங்கள், இல்லாவிட்டால் முழிப்பார்கள்.

சரி, கரைப்பது எப்படி? ஒரு லிட்டர் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டுக்கு (குடிக்க முடியாதபடி விஷம் சேர்த்த சாராயம்) 120 கிராம் அவலரக்கு போட்டால் நீர்த்த கரைசல் வரும். பழகுவதற்கு இதுவே போதும். கண்ணாடி ஜாடியில் இரவு முழுக்க ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரும்பு டப்பா வேண்டாம், கரைசல் கறுத்துவிடும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், குடித்தால் விஷம்; அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் கூடாது. கரைத்த தேதியை ஜாடியில் எழுதி வையுங்கள். பல மாதம் கிடந்த கரைசல் பூசினால் காயாமல் பிசுபிசுவென்றே நிற்கும். சந்தேகம் வந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, இறுகிக் காய்கிறதா என்று பாருங்கள்.

பஞ்சை வெள்ளைத் துணியில் சுற்றிப் பொதியாக்கி, கரைசலில் நனைத்துப் பிழிந்து, மர இழைகள் ஓடும் திசையிலேயே தடவ வேண்டும். பொதி பலகையைத் தொடும்போதும் விடும்போதும் ஓட்டத்திலேயே இருக்க வேண்டும். நடுவில் நின்றால் அடிப்பூச்சைக் கரைத்து இழுத்துவிடும். மழை நாளில் பூசினால் ஈரம் சிக்கி வெள்ளை பூக்கும். புதுப் பூச்சு பழையதைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடுவதால், கீறல் விழுந்த இடத்தை முழுக்கச் சுரண்டாமலே சரிசெய்யலாம்.

சாப்பாட்டு மேசைக்கு இது ஆகாது. சூடான டம்ளர் வைத்தால் வட்டமாகத் தடம் விழும். படச் சட்டம், நகைப் பெட்டி, அலமாரியின் உட்புறம் போன்றவற்றுக்கு நன்றாகப் பொருந்தும். பழைய நாற்காலி கையில் கிடைத்து, அதில் இருப்பது அரக்குப் பூச்சா என்று தெரியவில்லையா? அடிப்பக்கம் மறைவான மூலையில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். இளகிப் பஞ்சில் ஒட்டினால் பெரும்பாலும் அரக்குதான். காய்ந்து இறுகிய எண்ணெய் வார்னிஷ் அப்படி லேசில் இளகாது.