கைக்குள் அடங்கும் கேமராவில் 40 மடங்கு ஜூம் எப்படி?

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேல் நிலைகளில் இருக்கும் சுதைச் சிற்பங்கள் வண்ணத் திட்டுகளாகத்தான் தெரியும். போனில் எடுத்துப் பெரிதாக்கினால் அதே திட்டுகள் இன்னும் பெரிதாகும், அவ்வளவுதான். ஒருமுறை கையடக்கமான ஜூம் கேமரா ஒன்றோடு போய் அதே இடத்தில் நின்று எடுத்தேன். சிற்பத்தின் கண்ணில் தீட்டிய மை தெரிந்தது. கையிலிருந்த ஆயுதம் எதுவென்று தெரிந்தது. இத்தனை சிறிய பெட்டிக்குள் இது எப்படி நடக்கிறது என்று அன்றிலிருந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

உதாரணத்துக்கு 2018-இல் வந்த கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 எச்எஸ் கேமராவை எடுத்துக்கொள்வோம். எடை 299 கிராம், தடிமன் 4 சென்டிமீட்டர், ஜூம் 40 மடங்கு. இந்த 40 என்ற எண்ணைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கண்ணால் பார்ப்பதைவிட 40 மடங்கு பெரிதாகத் தெரியும் என்று அதற்குப் பொருள் இல்லை. லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம் வரையிலான தூரத்தைக் குவியத்தூரம் என்பார்கள்; அது கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். இந்த லென்ஸில் அது 4.3 மி.மீ.-இல் தொடங்கி 172 மி.மீ. வரை போகிறது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 40 வரும். வெறும் விகிதம்தான்.

172 மி.மீ. ஒன்றும் பெரிய குவியத்தூரம் அல்ல. ஆனால் அது தரும் காட்சி, தொழில்முறைக் கலைஞர்கள் வைத்திருக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 960 மி.மீ. லென்ஸ் தரும் காட்சிக்குச் சமம். காரணம் சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதியும் சில்லு. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. இந்தக் கேமராவின் சென்சாரோ சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ.; சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. லென்ஸ் வரைந்து தரும் படத்தின் நடுப்பகுதியை மட்டும் இது பிடிக்கிறது. அதனால் குறைந்த குவியத்தூரத்திலேயே தூரத்துப் பொருள் சட்டத்தை நிறைத்துவிடுகிறது.

லென்ஸின் அளவைக் கணக்கிட்டால் இதன் அருமை புரியும். எஃப்-எண் என்பது ஒளி நுழையும் துளையின் அளவைக் குறிக்கும்; எண் கூடினால் ஒளி குறையும். முழு ஜூமில் இதன் எஃப்-எண் 6.9. குவியத்தூரத்தை அதனால் வகுத்தால் ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் வரும்: 25 மி.மீ. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறியது. இதையே ஃபுல் ஃப்ரேமுக்குச் செய்தால் அந்த வட்டம் கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர். அப்படி ஒரு கண்ணாடியைத் தோளில் சுமந்துகொண்டு கோயில் பிராகாரத்தைச் சுற்றி வர முடியாது.

லென்ஸுக்குள் கண்ணாடிகள் குழுக் குழுவாக இருக்கும். ஒரு குழு நகர்ந்தால் காட்சி பெரிதாகும். ஆனால் படம் மங்கிவிடும். இன்னொரு குழு அதே நேரத்தில் சரியான அளவு நகர்ந்து தெளிவை மீட்கும். இந்த இரட்டை நகர்வுக்கு வழிகாட்டுவது குழாய்களின் உட்புறத்தில் வெட்டிய வளைவான பள்ளங்கள். குழாய்கள் பழைய ரேடியோ ஆன்டெனாவைப் போல ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். மினோல்டா 2002-இல் வெளியிட்ட டிமாஜ் எக்ஸ் கேமராவில் வேறு வழியைக் கையாண்டார்கள். பட்டகம் ஒன்றால் ஒளியை 90 டிகிரி திருப்பி, லென்ஸை உடலுக்குள்ளேயே செங்குத்தாகப் படுக்க வைத்தார்கள். இன்றைய போன்களின் பெரிஸ்கோப் லென்ஸும் இந்த யோசனைதான்.

நீளும் குழாய்க்கு ஒரு சிக்கல் உண்டு. நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு குட்டிப் பம்ப் போலக் காற்றை இழுக்கும். காற்றோடு தூசியும் போகும். என் கேமராவில் அப்படிச் சென்சார் மேல் ஒட்டிய ஒரு துகள், வானத்தை எடுக்கும் படங்களில் எல்லாம் சாம்பல் புள்ளியாக வந்து நிற்கிறது. பிரித்தால்தான் துடைக்கலாம். பழைய கேமரா வாங்குகிறவர்கள் முழு ஜூமில் வெறும் வானத்தை ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரி, சின்னச் சென்சாருக்குக் கொடுக்கும் விலை என்ன? முதலில் ஒளி. பரப்பளவில் இது ஃபுல் ஃப்ரேமில் ஏறக்குறைய 30-இல் ஒரு பங்கு. ஒளி ஃபோட்டான்களாக வருகிறது. மழைத்துளிகளைப் போல அவை ஒழுங்கில்லாமல் விழும். ஒரு பிக்சலுக்குச் சராசரியாக 10,000 ஃபோட்டான் வந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது ஒரு சதவீதம். 100 மட்டுமே வந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து சதவீதம். இருட்டில் எடுத்த படங்களில் மணல் தூவியது போலத் தெரிவது பெரும்பாலும் இதுதான். இதை மென்பொருள் வழித்துச் சமப்படுத்தும்போது தலைமுடியும் புடவைக் கரையும் மெழுகு பூசியது போல ஆகிவிடும். ஜூம் செய்யச் செய்ய எஃப்-எண் 3.3-இலிருந்து 6.9-க்கு ஏறுவதால் சென்சாருக்கு வரும் ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. மாலை மங்கியபின் முழு ஜூமில் நல்ல படத்தை எதிர்பார்க்கவே கூடாது.

அடுத்தது விளிம்பு விளைவு. விளம்பரங்கள் தொடாத விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும், துளை வழியே வரும் ஒளி ஒரு புள்ளியாகக் குவியாது. சிறு வட்டமாகப் பரவும். எஃப் 6.9-இல், பச்சை ஒளிக்கு, அந்த வட்டத்தின் விட்டம் சுமார் 9 மைக்ரான். இந்தச் சென்சாரின் 2 கோடி பிக்சல்களில் ஒவ்வொன்றின் அகலம் 1.2 மைக்ரான்தான். ஆக, ஒரே ஒளிப்புள்ளி ஏழெட்டு பிக்சல் அகலத்துக்குப் படர்ந்துவிடுகிறது. 100 மீட்டர் தள்ளி நின்று முழு ஜூமில் எடுத்தால் படத்தில் அடங்கும் அகலம் 3.6 மீட்டர். ஒரு பிக்சல் 0.7 மி.மீ. நுணுக்கத்தைக் காட்டுவதாக வாக்குக் கொடுக்கிறது. ஒளியின் இயல்போ 2.7 மி.மீ.-க்குக் கீழே பிரித்துக் காட்ட அனுமதிப்பதில்லை. மெகாபிக்சலைப் பார்த்து ஜூம் கேமரா வாங்க வேண்டாம் என்று நான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வது இதனால்தான்.

பெரிய சென்சார் வைத்தால் ஆகாதா? வைத்திருக்கிறார்கள். சோனி 2019-இல் கொண்டுவந்த ஆர்எக்ஸ்100 எம்7 கேமராவின் சென்சார் 13.2-க்கு 8.8 மி.மீ.; பரப்பில் நான்கு மடங்கு. வெளிச்சம் குறைந்த இடத்தில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் ஜூம் 200 மி.மீ.-க்குச் சமமான இடத்தில் நின்றுவிடுகிறது. கண்ணில் தீட்டிய மை அதில் கிடைக்காது. எனக்குத் தூரம் முக்கியம், அதனால் சின்னச் சென்சாரையே தேர்ந்தெடுப்பேன். கல்யாண வீட்டிலும் குழந்தைகளையும் எடுக்கத்தான் வேண்டும் என்றால், இன்றைய நல்ல போனே போதும். அதன் முதன்மைச் சென்சார் பெரும்பாலும் இந்தச் சின்னச் சென்சாரைவிடப் பெரியது.

கைநடுக்கமும் ஜூமோடு சேர்ந்து பெருகும். பழைய கணக்குப்படி 960 மி.மீ. காட்சிக்கு ஷட்டர் வேகம் 1/960 விநாடி வேண்டும். கேமராவுக்குள் இருக்கும் கைரோ சென்சார் நடுக்கத்தை அளந்து சொல்ல, லென்ஸின் ஒரு கண்ணாடி எதிர்த்திசையில் நகர்ந்து ஈடுகட்டுகிறது. இதனால் மூன்று படி மிச்சமானால், அதாவது ஷட்டர் வேகத்தை மூன்று முறை பாதியாக்க முடிந்தால், 1/120 விநாடியிலும் எடுக்கலாம். பறக்கும் பறவைக்கு இது உதவாது, அசையாத சிற்பத்துக்கு உதவும்.

எந்தக் கேமராவாலும் ஈடுகட்ட முடியாதது நடுவில் இருக்கும் காற்று. வெயில் ஏறியதும் தெருவிலிருந்தும் கூரைகளிலிருந்தும் சூடான காற்று அலையலையாக எழும்பும். முழு ஜூமில் கோபுரம் நீருக்குள் இருப்பது போல நெளியும். முதல்முறை நண்பகலில் எடுத்த படங்களில் பாதி அப்படித்தான் வீணாயின. அப்புறம் ஸ்ரீரங்கத்துக்குப் போனபோதெல்லாம் காலை ஏழு மணிக்கு முன்பே தெருவில் நின்றேன். மதில் ஒன்றில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு சிற்பத்தையும் ஐந்தாறு முறை எடுத்தேன். அவற்றில் ஒன்றாவது கூர்மையாக இருந்தது.