டிரெயில் மாரத்தான்: தடமா, அதரா?

காடும் புறநகரும் மாறிமாறி வரும் மண்வழியில் ஓடும் நெடும்பந்தயத்தை நம் ஓட்டக்காரர்கள் ‘டிரெயில் மாரத்தான்’ என்றே சொல்கிறார்கள். இதிலுள்ள இரண்டு சொற்களில் ஒன்றைத் தொடத் தேவையில்லை. மற்றொன்றுக்குத் தமிழ்ச்சொல் கட்டாயம் வேண்டும்.

மாரத்தான் என்பது ஏதென்சுக்கு வடகிழக்கே உள்ள ஓர் ஊர். பெருஞ்சீரகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர். கி.மு. 490இல் அங்கு நடந்த போரின் வெற்றிச் செய்தியை ஒரு வீரன் ஏதென்சுக்கு ஓடிச்சென்று சொன்னான் என்னும் பிற்காலக் கதையே 1896 ஒலிம்பிக்கில் பந்தயமாயிற்று. 1908இல் இலண்டனில் ஓடப்பட்ட 42.195 கிலோமீட்டர் 1921இல் நிலையான அளவாயிற்று. ‘நெடுந்தொலைவு ஓட்டம்’ என்று மாற்றினால் அந்த அளவு மறைந்துவிடும். ஊர்ப்பெயரை ஊர்ப்பெயராகவே எழுதுவது நல்லது. இலங்கைத் தமிழர் ‘மரதன்’ என்று எழுதுவதும் அவ்வகையே.

‘டிரெயில்’ என்னும் சொல்லோ இழுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தரையில் இழுபடும் ஆடையின் நுனியைக் குறித்த அச்சொல், பிறகு இழுபட்ட பொருள் விட்டுச்சென்ற சுவட்டையும் வேட்டை விலங்கின் அடிச்சுவட்டையும் குறித்து, பின்னர் வட அமெரிக்காவில், கால்கள் நடந்து நடந்தே உண்டான காட்டு வழிக்குப் பெயராயிற்று. தமிழில் ‘தடம்’ என்பதும் சுவடு, வழி என்னும் இரு பொருளையும் தாங்குவதால் அதுவே பொருத்தம் என்று முதலில் தோன்றும். ஆனால் ‘தடகளம்’ என்னும் சொல் வேரூன்றிவிட்ட இன்று, ‘தட ஓட்டம்’ என்றால் படிப்பவர் மனத்தில் வெள்ளைக்கோடு போட்ட மைதானமே எழும். ‘காட்டுவழி ஓட்டம்’ எளிதில் விளங்கும். எனினும் வழி ஊருக்குள் நுழைந்ததும் பெயர் பொய்யாகிவிடுகிறது.

இலண்டனின் வடகிழக்கே உள்ள எப்பிங் காட்டைப் பாருங்கள். வான்ஸ்டெட் பக்கத்து நகர்ப்புறத்திலிருந்து எப்பிங் ஊர்வரை ஏறக்குறைய 19 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இது, 1878ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேலியடைக்கப்படாமல் காக்கப்பட்டது. இங்கே ஓடுபவர், ஆள் உயரத்துக்கு மேலே வெட்டி வெட்டித் தழைத்த ஹார்ன்பீம் மரங்களின் அடியில் சேற்றை மிதித்து வந்து, மேட்டில் ஏறி, வாகனங்கள் இரையும் சாலையைக் கடந்து, வீடுகளின் பின்வேலியை ஒட்டிச் சென்று, மீண்டும் மரநிழலுக்குள் புகுவார். பெல் காமன் என்னுமிடத்தில் எம்25 நெடுஞ்சாலையே நிலத்துக்கு அடியில் செல்ல, அதன்மேல் கிரிக்கெட் திடல் விரிந்திருக்கிறது. இத்தகைய வழியைக் காடு என்றும் தெரு என்றும் பிரிக்க முடியாது.

ஆகவே நான் பரிந்துரைப்பது ‘அதர்’. அருங்காட்டு வழியையும் கல் நிறைந்த மலைவழியையும் சங்கப் புலவர்கள் இச்சொல்லால் குறித்தனர்; எனினும் ‘வழி’ என்பதே அதன் அடிப்படைப் பொருள் ஆதலால், அது புறநகரையும் ஏற்கும். டிரெயில் ரன்னிங் என்பதை ‘அதரோட்டம்’ என்றும், டிரெயில் மாரத்தானை ‘அதர் மாரத்தான்’ என்றும் சொல்லலாம். முதன்முறை எழுதும்போது பக்கத்தில் ‘ஒற்றையடிப்பாதை ஓட்டம்’ என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும்.

அதரோடு சேர்த்து மீட்க வேண்டிய இன்னொரு சொல்லும் உண்டு: வழி இரண்டாகப் பிரியும் இடத்துக்குச் சங்கத் தமிழில் ‘கவலை’ என்று பெயர். கிளையில் கட்டிய அடையாள நாடாவைத் தேடி அங்கே மூச்சு வாங்க நிற்கும் ஓட்டக்காரருக்கு, அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் ஒருங்கே விளங்கும்.