புரோட்டாக் கடையில் ஏன் கத்திப் பேசுகிறோம்?

இரவு எட்டரை மணி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ மேலப்பாளையத்திலோ கூட்டம் நிறைந்த ஒரு புரோட்டாக் கடை. சப்ளையர் மூன்றடி தூரத்தில்தான் நிற்கிறார். ஆனாலும் "அண்ணாச்சி, சால்னா கொஞ்சம் ஊத்துங்க" என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றடியில் நிற்பவரிடம் குரலை உயர்த்தினால்தான் கேட்கும் என்றால், அங்கே சத்தம் 85 டெசிபலை நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். கருவி எதுவும் இல்லாமல் சத்தத்தைக் கணிக்க இதுதான் எளிய வழி.

கூட்டம் அதிகம், அதனால் சத்தம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அதே கூட்டம் ஓலைப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டால் இவ்வளவு இரைச்சல் எழாது. பந்தலில் சத்தம் நாலு பக்கமும் வெளியே போய்விடும். இன்றைய கடையில் தரையில் டைல்ஸ், சுவரில் ஆளுயரத்துக்கு டைல்ஸ், முன்பக்கம் கண்ணாடி, மேலே பிவிசி ஃபால்ஸ் சீலிங். துடைக்க வசதி, பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் நம் பேச்சில் மிகச் சிறிய பங்கைத்தான் இவை விழுங்கும். மீதி முழுவதும் அறைக்குள்ளேயே முட்டி மோதிச் சுற்றும்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895-இல் இப்படி எதிரொலித்த ஒரு விரிவுரை அறையைச் சரிசெய்யப் புகுந்தார். வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஓசை அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். அவர் கண்ட சூத்திரம் எளிது. அறையின் கொள்ளளவை 0.161-ஆல் பெருக்கி, ஓசையை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். 10 மீட்டர் (சுமார் 33 அடி) நீளம், 6 மீட்டர் (20 அடி) அகலம், 3 மீட்டர் (10 அடி) உயரமுள்ள கடையை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 180 கன மீட்டர். தரை, சுவர், கூரை சேர்ந்து 216 சதுர மீட்டர். பட்ட ஓசையில் நூற்றுக்கு 3 பங்கை இவை உறிஞ்சுவதாக வைத்தால், உறிஞ்சும் பரப்பு 6.5 சதுர மீட்டர்தான். காலிக் கடையில் ஓசை அடங்க 4 நொடிக்கு மேல் ஆகும். 30 பேர் உட்கார்ந்தால் உடம்பும் உடுப்புமாக ஆளுக்கு 0.45 சதுர மீட்டர் சேர்ந்து, நேரம் 1.4 நொடியாகக் குறையும். அப்போதும் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த மூன்று நான்கு சொற்கள் அதன்மேல் வந்து விழும்.

இதன்மேல் இன்னொன்று சேர்கிறது. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார் என்பதை 1911-இல் எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் எழுதிவைத்தார். சத்தம் 1 டெசிபல் ஏறினால் குரல் சுமாராக அரை டெசிபல் ஏறும். ஒரு மேசை கத்தினால் அடுத்த மேசை அதைவிடக் கத்தும். பேசுவோர் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் கணக்குப்படி 3 டெசிபல்தான் கூட வேண்டும். இந்தப் போட்டியால் 6 வரை கூடிவிடுகிறது. இதே போட்டி தலைகீழாகவும் வேலை செய்யும் என்பதுதான் நமக்கு நல்ல செய்தி. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் மீதியை மக்களே குறைத்துக்கொள்வார்கள்.

இரைச்சலில் முதலில் தொலைவது மெய்யெழுத்து. அ, ஆ, ஒ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வரும். க், ச், த், ப் ஆகியவை உயர்ந்த சுருதியில் ஒரு நொடியின் சிறு துணுக்காக வந்து மறையும். அதனால்தான் 'கொத்து' என்று சொன்னால் 'சொத்து' என்று காதில் விழுகிறது. வயதானவர்களுக்கு உயர் சுருதிதான் முதலில் மங்கும். பேரன் பேத்தியோடு கடைக்கு வரும் ஆச்சி எதற்கும் பதில் சொல்லாமல் இலையைப் பார்த்தே சாப்பிடுகிறார் என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். அவரைச் சுவரை ஒட்டி, முதுகு சுவர்ப்பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள்; பேசுபவர் முகத்தில் வெளிச்சம் படட்டும். வாயசைவைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வார்.

உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட எலும்புக் குழலுக்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஓசையின் அதிர்வை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுபவை இவை. பலத்த சத்தத்தில் இவை சோர்ந்துபோகும். காது அடைத்ததுபோல் இருக்கும், 'கொய்ங்' என்று இரையும். ஓரிரவு ஓய்வில் பெரும்பாலும் தெளிந்துவிடும். நாள்தோறும் இப்படிச் சோர்ந்தால் செல்கள் சாகும். மனிதக் காதில் செத்த மயிர்ச்செல் மறுபடி முளைப்பதில்லை. கேட்கும் திறனில் 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியின் சுற்றுவட்டாரத்தில்தான் முதல் ஓட்டை விழும்.

தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் (NIOSH) நிறுவனம் வேலையிடத்துக்குப் பரிந்துரைத்த வரம்பு, 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஓசை ஆற்றல் இரட்டிப்பதால் நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் 1 மணி, 100-இல் 15 நிமிடம். அரைமணியில் சாப்பிட்டுக் கை கழுவிப் போகிறவருக்கு இதில் ஆபத்து குறைவு. மாலை 5 முதல் இரவு 11 வரை கல்லடியில் நிற்கும் புரோட்டா மாஸ்டரை நினைத்துப் பாருங்கள். இந்தப் பேச்சு முழுக்க அவருக்காகத்தான் நடக்க வேண்டும். வாடிக்கையாளரின் சிரமம் அன்றோடு போய்விடும். மாஸ்டர் இழப்பது நிரந்தரம்.

கொத்துச் சத்தம் காதுக்குத் தனியாக ஒரு கெடுதல் செய்கிறது. திடீரெனப் பெரிய ஓசை வந்தால் நடுக்காதின் சிறு தசை இறுகி அதை மட்டுப்படுத்தும். ஆனால் அது இறுக ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை ஆகலாம். அதற்குள் முதல் அடி உள்ளே போய்விடும். அந்தத் தசை மட்டுப்படுத்துவதும் பெரும்பாலும் தாழ்ந்த ஓசையைத்தான். இரும்பில் இரும்பு மோதும் 'ணங்' உயர்ந்த சுருதி. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண் தட்டியபின் அதிர்வதுபோல் கல்லும் கரண்டியும் அடிக்குப்பின் அதிர்கின்றன. அடியில் உள்ள மெல்லிய தகர மேடை அதைப் பறையாக மாறிப் பெரிதாக்குகிறது. செங்கல் மேடையில் பதித்த கனத்த கல் இவ்வளவு அலறாது. தகர மேடை என்றால் அடுப்புச் சூடு எட்டாத பக்கத் தகடுகளின் உட்புறம் ரப்பர் ஷீட் ஒட்டலாம். கல்லைச் சுவர் மூலையில் வைக்காதீர்கள். இரண்டு சுவரும் சத்தத்தைத் திருப்பி மாஸ்டர் மீதே எறியும்.

கூரைக்கு வருவோம். அதே கடையில் 40 சதுர மீட்டர், அதாவது சுமார் 430 சதுர அடிக்கு, பட்ட ஓசையில் நூற்றுக்கு 70 பங்கை உறிஞ்சும் மினரல் ஃபைபர் பலகை போட்டால் ஓசை அடங்கும் நேரம் 0.6 நொடிக்கு இறங்கும். சத்தம் நேராக 4 டெசிபல் போல் குறையும். மக்கள் குரலைத் தாழ்த்துவதையும் சேர்த்தால் 7 வரை போகலாம். பலகைக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவே 4 அங்குலமாவது இடைவெளி விடுங்கள், தாழ்ந்த ஓசையும் அடங்கும். அடுப்புக்கு மேலே மட்டும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு துளைகளை அடைத்துவிடும். முட்டை அட்டை, தெர்மாகோல் இரண்டும் வீண். சத்தத்தைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை, தீப்பிடிக்கும். சாதாரண ஸ்பாஞ்சும் அப்படியே எரியும், அதனால் கடையில் ஒட்டவே கூடாது.

காசு அதிகம் ஆகாத வேலைகளும் உண்டு. நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ். எச்சில் தட்டு போட எவர்சில்வர் அண்டாவுக்குப் பதில் பிளாஸ்டிக் தொட்டி. கரகரக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் புது பேரிங். யாரும் பார்க்காத டிவியை நிறுத்திவிடலாம்.

மாஸ்டருக்கு நுரை இயர் பிளக் வேண்டும். பஞ்சு போதாது. மாவில் கை வைப்பதற்கு முன்பே மாட்டிக்கொள்ள வேண்டும். பிளக்கை விரலால் மெல்லிய திரிபோல் உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்து, உள்ளே செருகி, நுரை விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. "எனக்கு ஆர்டர் கேக்காதே" என்று மாஸ்டர் சொல்வது நியாயம். அதனால் ஆர்டரைச் சீட்டில் எழுதிக் கல்லுக்குமேல் கம்பியில் செருகுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொத்துகிறவரும் மாவு வீசுகிறவரும் இடம் மாறினால் சுமை பகிரப்படும்.

போன் செயலியால் அளக்கும்போது மனிதக் காதின் இயல்புக்கு ஏற்ப அளக்கும் 'ஏ' அளவை (dBA) தேர்ந்து, மைக்கை விரலால் மூடாமல், மாஸ்டரின் காது உயரத்தில் 10 நிமிடம் வைத்துச் சராசரியைக் குறியுங்கள். கண நேர உச்சத்தைப் போன் மைக் சரியாகப் பிடிக்காது. கொத்தும் இடத்தில் உண்மை அளவு அதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

ஆண்டுக்கொருமுறை செவித்திறன் சோதனை செய்துகொள்வது நல்லது. பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. முந்தைய இரவு கல்லடியில் நின்றுவிட்டுக் காலையிலேயே போனால் தற்காலிகச் சோர்வும் கணக்கில் சேர்ந்துவிடும். 14 மணி நேரமாவது சத்தத்தை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதால், வார விடுமுறைக்கு மறுநாள் காலைதான் அதற்கு ஏற்ற நேரம்.