ஹோம்பர்க் தொப்பியின் விளிம்பு 70 வருஷமாகியும் ஏன் சுருண்டே நிற்கிறது?

பிராங்க்பர்ட்டில் மைன் ஆற்றங்கரையில் கூடும் பழம்பொருள் சந்தையில்தான் என்னுடைய முதல் ஹோம்பர்க் கிடைத்தது. கருஞ்சாம்பல் நிறம். உச்சியில் முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே ஒரு நீளப் பள்ளம், சுற்றிலும் மேல்நோக்கிச் சுருண்ட விளிம்பு, அந்த விளிம்பின் ஓரத்தை மூடித் தைத்த ரிப்பன். கடைக்காரப் பெரியவர் விலையைச் சொல்வதற்கு முன்பே விளிம்பைக் கட்டைவிரலால் லேசாகக் கீழே அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். அது உடனே பழையபடி எழுந்துகொண்டது. உள்ளே கம்பி இல்லை, அட்டை இல்லை. 70 வருஷத்துக்கு மேலான முயல் ரோமம், அவ்வளவுதான். அது எப்படி இன்னும் நிற்கிறது என்ற கேள்விதான் என்னை இந்தத் தொப்பிகளின் பின்னால் அலைய வைத்தது.

ஊரைப் பற்றி நாலு வரி. பாட் ஹோம்பர்க், பிராங்க்பர்ட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பணக்காரர்கள் ஊற்றுநீரில் குளிக்கவும் அதைக் குடிக்கவும் வந்து தங்கிய இடம். 1880களில் அங்கே வந்து போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர், அந்த ஊர்த் தொப்பியை லண்டனுக்குக் கொண்டுபோய் அணிந்ததும் அது பரவியது. 1930களில் பிரிட்டிஷ் அரசியல்வாதி ஆண்டனி ஈடன் அதை அணிந்து அணிந்து, லண்டனில் அதற்கு ஈடன் தொப்பி என்றே பேர் வந்துவிட்டது. 1953இல் ஐசனோவர் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது, வழக்கமான உயரமான பட்டுத் தொப்பியை விட்டுவிட்டு ஹோம்பர்க்தான் அணிந்தார். சரி, இனி தொப்பிக்குள் போவோம்.

ஹோம்பர்க் ஃபெல்ட்டால் ஆனது. துணி என்றால் பாவும் ஊடும் இருக்கும். ஃபெல்ட்டில் நூலே கிடையாது. முயல், காட்டு முயல், பீவர் இவற்றின் முரட்டு மேல்முடியை நீக்கிவிட்டு, அடியில் இருக்கும் பஞ்சு போன்ற ரோமத்தை மட்டும் எடுத்து, ஒன்றோடொன்று சிக்க வைத்து உண்டாக்குவது அது. எண்ணெய் வைக்காமல், சீவாமல் விட்ட தலையில் சடை பிடிக்கிறதே, அடிப்படையில் அதே சங்கதிதான். என்ன, இங்கே சடையைச் சீராகவும் நெருக்கமாகவும் பிடிக்க வைக்கிறார்கள்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். நீளமான தலைமுடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நீளவாக்கில் வைத்து, அதே திசையில் இரண்டு விரல்களையும் முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள். முடி ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், எப்போதும் வேர் முனை முன்னால் போக. முடியைத் திருப்பி வைத்தால் நகரும் திசையும் திரும்பும். காரணம் அதன் மேல் இருக்கும் செதில்கள். ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே பக்கம் பார்த்து அடுக்கியிருப்பது போல, இந்தச் செதில்கள் எல்லாம் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கின்றன. அதனால் வேர்ப் பக்கமாக வழுக்கும், நுனிப் பக்கமாக மாட்டிக்கொள்ளும். வேட்டியில் ஒட்டிய ஊசிப்புல் நடக்க நடக்க உள்ளேயே ஏறி, இழுத்தால் வர மறுக்கிறதே, அந்த மாதிரி.

இப்போது லட்சக்கணக்கான ரோமங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, வெந்நீர் ஊற்றி, அழுத்தி உருட்டினால் என்ன ஆகும்? வெந்நீரில் ரோமத்தின் புரதமான கெரட்டின் இளகும், ரோமம் வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒவ்வொரு ரோமமும் தன் வேர்ப் பக்கமாகத் துளி நகரும், வழியில் இருக்கும் மற்ற ரோமங்களைச் சுற்றிக்கொள்ளும், திரும்பி வர முடியாது. அழுத்த அழுத்தத் தகடு சுருங்கும், கெட்டிப்படும். கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் சுடுதண்ணீரில் துவைத்துக் குழந்தை அளவுக்குச் சுருங்க வைத்தவர்கள் இதை ஏற்கெனவே செய்து முடித்தவர்கள்தான்.

முயல் ரோமத்தில் ஒரு தொல்லை உண்டு. அதன் செதில்கள் ரொம்ப வழவழப்பாகப் படிந்திருப்பதால் லேசில் சிக்காது. அதற்காகப் பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தோலின் மேல் ரோமத்தில் பூசினார்கள். அந்தக் கரைசல் கெரட்டினுக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து, ரோமத்தைச் சொரசொரப்பாக்கிச் சுருள வைக்கும். காய்ந்ததும் நுனிகள் கேரட் நிறத்துக்கு மாறுவதால் இந்த வேலைக்கே ஆங்கிலத்தில் கேரட்டிங் என்று பேர். இதன் பிறகு நடக்கும் கொதிக்க வைத்தல், உலர்த்தல், தேய்த்தல் ஒவ்வொன்றிலும் பாதரச ஆவி கிளம்பி, மூடிய பட்டறைக்குள் நின்றவர்களின் மூச்சில் கலந்தது. கை நடுங்கும், பேச்சு குழறும், ஆள் பேசவே கூச்சப்படும், திடீரென்று எரிந்து விழுவார். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் தொப்பி ஊரான டான்பரியில் இதை டான்பரி நடுக்கம் என்றே சொன்னார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்தும் இதே வேலையைச் செய்ய முடியும் என்று ஆன பிறகு, 1941 டிசம்பரில்தான் அந்த நாட்டில் ஃபெல்ட் தொழிலில் பாதரசம் நிறுத்தப்பட்டது. நாம் கையில் எடுத்து ரசிக்கும் பழைய ஃபெல்ட்டின் அந்த மென்மைக்காகச் சிலர் உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள். இதை நினைக்காமல் என்னால் ஒரு பழைய ஹோம்பர்க்கைக் கையில் எடுக்க முடிவதில்லை.

தயாரான ரோமத்தைக் காற்றில் பறக்கவிட்டு, சுழலும் ஒரு துளையிட்ட செப்புக் கூம்பின் மேல் உறிஞ்சிப் படிய வைப்பார்கள். அதில் சுடுநீரைத் தெளித்துக் கழற்றினால், தொப்பியைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய, ஊதினால் கிழியும் ஒரு கூம்பு வரும். அதைத்தான் மறுபடி மறுபடி வெந்நீரில் நனைத்து உருட்டித் தொப்பி அளவுக்குச் சுருக்குகிறார்கள். அப்புறம் அரக்கு.

ஆமாம், நம் அரக்குதான். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசின். உலகச் சந்தைக்குப் போன அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, முக்கியமாக இன்றைய ஜார்க்கண்ட் பகுதிக் காடுகளிலிருந்து போனது. அதைக் கரைத்து ஃபெல்ட்டுக்குள் ஊறவைப்பார்கள், உச்சிக்குக் கொஞ்சமாக, விளிம்புக்கு அதிகமாக. ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸில் அரக்கு இளகும், ஆறினால் இறுகும். ஆவி காட்டி, இளகிய ஃபெல்ட்டை மர அச்சின் மேல் இழுத்து இறக்கி, ஆறவிட்டால் அச்சின் வடிவம் அப்படியே நிற்கும்.

விளிம்புக்கு வருவோம். தட்டையான ஒரு வட்ட ஓரத்தை மேல்நோக்கிச் சுருட்டினால் ஓரத்தின் சுற்றளவு குறைந்தாக வேண்டும். நெய்த துணியில் இதைச் செய்தால் மடிப்பு மடிப்பாகக் கொசுவம் விழும். ஃபெல்ட்டுக்குப் பாவு ஊடு இல்லாததால் அது தனக்குள்ளேயே நெருங்கிச் சுருங்கிக்கொள்கிறது, ஒரு சுருக்கம்கூட விழாது. அந்த நிலையில் அரக்கு ஆறி இறுகியதும் வடிவம் பூட்டப்பட்டுவிடுகிறது. போதாததற்கு வடிவமே ஒரு பலம். எவர்சில்வர் தாம்பாளத்தின் ஓரத்தை உருட்டி மடித்திருப்பார்கள், அது இல்லாவிட்டால் அவ்வளவு மெல்லிய தகடு கையில் வளைந்துவிடும். ஹோம்பர்க்கின் சுருண்ட விளிம்பும் அதே வேலையைச் செய்கிறது. அதன் மேல் தைத்த ரிப்பன் ஓரம் தேயாமலும் அகலாமலும் பிடித்து வைக்கிறது. இந்த ரிப்பனும் சாதாரணப்பட்டதல்ல. நேர் ரிப்பனை ஈரப்படுத்தி இஸ்திரி போட்டு வில்லாக வளைத்த பிறகுதான் தைக்க முடியும். பருத்தியும் ரேயானும் கலந்தது இதற்குப் பணியும், பாலியஸ்டர் பணியாது. அதனால் ரிப்பன் மாற்றிய பழைய தொப்பியில் ஓரம் அலையலையாக இருந்தால், தவறான ரிப்பன் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு பழைய தொப்பியைப் பார்க்கும் கண்ணே மாறிவிடுகிறது. ஃபெடோரா என்ற, விளிம்பு தொய்வான மெல்லிய ஃபெல்ட் தொப்பியின் விளிம்பை ஆவியில் வளைத்து ஹோம்பர்க் என்று யாராவது நீட்டினால் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால் அதன் விளிம்பில் அந்த அளவு அரக்கு இல்லாததால் விரலில் தொய்யும். அந்துப்பூச்சிப் புழு கெரட்டினைத் தின்னும், ஆகவே ரிப்பனுக்கு அடியிலும் சுருளின் உட்பக்கத்திலும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அளவிலும் ஏமாறலாம். ஐரோப்பாவில் 58 என்றால் தலைச் சுற்றளவு 58 செ.மீ.; அதையே π (ஏறத்தாழ 3.14) ஆல் வகுத்து அங்குலமாக்கினால் அமெரிக்க அளவான 7¼ கிட்டத்தட்ட வந்துவிடும்; பிரிட்டிஷ் தொப்பியில் அதே தலைக்கு 7⅛ என்று போட்டிருக்கும். லண்டன் தொப்பியை அமெரிக்கக் கணக்கில் வாங்கினால் ஒரு சுற்று பெரிதாக வந்து சேரும்.

1940களுக்கு முந்தைய தொப்பி என்றால் பாதரசம் இன்னும் உள்ளே இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய ஃபெல்ட் தொப்பிகளைச் சோதித்தபோது அது கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்டதைக் கையுறை போட்டுத்தான் தொடுவேன், ஆவி காட்டுவதில்லை, தூசி பறக்கத் தட்டுவதும் இல்லை. பிந்தையவற்றுக்கு மெல்லிய குதிரைமுடி பிரஷ் போதும். மேல் ரோமம் படிந்திருக்கும் போக்கில், மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போடுங்கள். தொப்பியை உச்சியில் கிள்ளித் தூக்காதீர்கள். விளிம்பு தரையில் படாமல் கவிழ்த்து, உச்சியின் மேல் நிற்க வையுங்கள்.

ஆவியைப் பற்றி எனக்குப் பாடம் கிடைத்தது அந்த முதல் தொப்பியிலேயே. உச்சியில் இருந்த ஒரு நசுங்கலை எடுக்கக் கெட்டிலின் மூக்கில் பிடித்தேன். நசுங்கல் அழகாக எழுந்தது, ஆனால் நான் கவனிக்காமல் இடது விளிம்பும் ஆவியில் நனைந்து, சுருள் மெல்ல விரிந்துவிட்டது. நல்லவேளை உள்ளே தலையைச் சுற்றி இருக்கும் தோல் பட்டையை முன்கூட்டியே வெளியே திருப்பி விட்டிருந்தேன். பழைய தோல் சூட்டு ஈரம் பட்டால் ஒரு நொடியில் சுருங்கி அப்பளமாகிவிடும், அதை மீட்க வழியே இல்லை. ஃபெல்ட்டை மீட்கலாம், அரக்கு உள்ளே இருக்கும்வரை. இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, கொஞ்சம் ஆவி, ஈரத்துணி, இஸ்திரிப்பெட்டியின் முனை, சுருளுக்குள் உருளையாக வைத்த ஒரு பருத்தித் துணி என்று விரல் அளவு விரல் அளவாகத் திருப்பிச் சுருட்டி ஆறவிட்டேன். மூன்றாம் நாள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். எழுந்துகொண்டது. இடதுபுறம் அந்த இடத்தில் மட்டும், சற்றே மெதுவாக.